நல்ல தாள் வரக்கூடாது

ஏழு, எட்டு, இன்னொரு எட்டு, ஒரு ராணி. அப்பாடா. நாலு தாளையும் விரித்துப் பார்த்துவிட்டு முகத்தை மட்டும் சுளித்துக்கொள்கிறேன், சுளிக்காவிட்டால் வலப்பக்கம் இருக்கிற மகாலிங்கத்தாருக்கு மூக்கில் வேர்த்துவிடும். உள்ளுக்குள் எனக்கு ஆறுதல். முந்நூற்றுநாலு விளையாட்டில் வீரன்தான் எல்லோருக்கும் பெரியவன், அவனுக்கு அடுத்தது மணல் என்று நாங்கள் சொல்கிற ஒன்பது, ராசாவும் ராணியும் பேருக்குத்தான் ராசா ராணி, ஏழும் எட்டும் வெறுங்குப்பை. இவ்வளவு குப்பை வந்தால் திருப்பிக் கலைத்துப் போடச் சொல்லலாம், முதல் கை என்னுடையது, சட்டம் இடம் தருகிறது. நான் கேட்கமாட்டேன். குப்பை இருக்கட்டும். "என்ன பவளம் அக்கா, கேக்கிறியளோ?" என்கிறான் இடப்பக்கம் இருக்கிற யோகன், அவன்தான் தாள் போட்டவன், இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கேட்கிறேனா என்பது அர்த்தம். "பாஸ்" என்கிறேன். "இண்டைக்கு உங்களைச் சனியன் விடமாட்டான் போல கிடக்கு" என்று சிரிக்கிறான். நல்ல பெடியன், பகிடிக்குச் சொல்கிறான். நானும் சிரிக்கிறேன். சனியன் விடாமல் இருக்கட்டும், கால் நீட்டி என் மடியிலேயே படுத்திருக்கட்டும். இந்த ஸ்காபுறோ மண்டபத்தில் இன்றைக்கு இத்தனை மேசைகள், இத்தனை சோடிகள், ஊர் ஒன்றியத்தின் வருடாந்தச் சுற்றுப்போட்டி, எல்லோரும் வீரன் வரவேண்டும் மணல் வரவேண்டும் என்று குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் கெட்ட தாளுக்கு நேர்ந்துகொண்டு இருக்கிறேன். காலையில் முதல் மேசையில் தோற்றோம். தாள் வரவில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், தாள் வராட்டில் ஆர்தான் என்ன செய்யிறது. எவ்வளவு நல்ல வார்த்தை. முன்னால் மேசைக்கு அந்தப் பக்கம் என் சோடி இருக்கிறார், என் மனுசன் சோதிநாதன், நீலக் கம்பளிச் சட்டை, நான் காலையில் பொத்தான் பூட்டிவிட்டது, மேலே ஒன்று பூட்டாமல் கிடக்கிறது. அவரும் பாஸ் என்கிறார். குரல் தெளிவு. முகம் தெளிவு. யோகனும் மகாலிங்கத்தாரும் தங்களுக்குள் இந்த ஆட்டத்தை வென்றுகொண்டு போகட்டும். குப்பைத் தாளை ஒருவன் எப்படி விளையாடினாலும் குப்பைதான், அதில் ஆளின் மூளையை ஒருவரும் பார்க்க முடியாது.

மூளை என்ற சொல்லை நான் நினைக்கவே கூடாது என்று இருந்தேன். நிரோசன்தான் அதை எடுத்தவன். கல்கரியில் இருந்துகொண்டு போனில், "அம்மா, அப்பான்ரை மூளையை ஒருக்கால் ஸ்கான் பண்ணிப் பாக்கவேணும்" என்கிறான், காருக்கு ஒயில் மாற்றவேணும் என்கிற மாதிரி. பெற்ற பிள்ளை. தகப்பனோடு கிறிஸ்மஸ் லீவில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனவன், அதற்குள் கண்டுபிடித்துவிட்டான். நான் சொன்னேன், அவருக்கு வயசு போகுது ராசா, ஆருக்குத்தான் மறதி இல்லை, நீ சின்னனிலை உன்ரை சப்பாத்தை மறந்து வெறுங்காலோடை பள்ளிக்கூடத்துக்குப் போனனியெல்லோ. அவன் சிரிக்கவில்லை. டொக்டரிடம் கொண்டுபோகச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான். கொண்டுபோகவும் செய்தேன், அது அவனுக்குத் தெரியாது. சும்மா பிறசர் பார்க்க என்று சொல்லித்தான் வெளிக்கிடுத்தினேன். கிளினிக்கின் கார்த் தரிப்பில் வந்ததும் மனுசனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது, அந்த நேரம் பார்த்து எல்லாம் விளங்கும். "எனக்கென்ன விசரெண்டு நினைச்சியோ?" என்று கத்தினார், தன்னைப் பைத்தியம் ஆக்கிவிட்டேனாம், இவ்வளவு கால வாழ்க்கையில் என்னை நீ என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான், எப்போதும் நீர் தான். காரை விட்டு இறங்கிப் பனிக்குள்ளே நடக்கத் தொடங்கிவிட்டார், வீட்டுக்கு எதிர்த்திசையில். பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ, இனிமேல் கூப்பிடமாட்டன் என்று கெஞ்சி ஏற்றிக்கொண்டு வந்தேன். டொக்டர் என்ற சொல்லை அதற்குப் பிறகு வீட்டில் எடுப்பதில்லை. ஆனால் நிரோசன் விடுகிறானா. அவனுக்காகத்தான் இந்தப் பேரம். அவனோடு இல்லை, எனக்குள்ளே போட்டுக்கொண்டது. சுற்றுப்போட்டி வரட்டும். இவர் அங்கே போய் நாலு பேர் முன்னிலையில் ஒரு பிசகும் இல்லாமல் விளையாடிவிட்டாரென்றால் இவருக்கு ஒன்றும் இல்லை, நான் மகனுக்குச் சொல்லிவிடுவேன், உன்ரை வேலையைப் பார். பிசகினால். பிசகினால் என்பதற்கு மேலே நான் யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்கமாட்டேன். ஏழு போட்டாயிற்று, எட்டுப் போட்டாயிற்று, தோற்றாயிற்று.

அடுத்த வீட்டுக் கயானாக்காரனின் வாசலைப் பனி தள்ளித் துப்புரவாக்கினாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பது? சனவரியில் ஒரு காலை, நான் கண்ணாடியால் பார்க்கிறேன், எங்கள் வாசலில் முழங்கால் அளவுக்குப் பனி அப்படியே கிடக்க இவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று மூச்சிரைக்கத் தள்ளுகிறார். ஓரம் வெட்டி, படி துடைத்து, உப்பும் போட்டார். அந்த மனுசன் வெளியே வந்து இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னது, அவன் பெண்சாதி பின்னேரம் கேக் கொண்டுவந்து தந்தது. இவர் திகைத்துப்போய் நின்றார். நான் முந்திக்கொண்டு, அவருக்கு உதவி செய்யிறதெண்டால் சரியான விருப்பம் என்று என் ஓட்டை இங்கிலிசில் சொன்னேன். கேக் நல்லாய்த்தான் இருந்தது. அதைத் தின்றுகொண்டே எனக்கு நானே சொன்னேன், பாருங்கோ எவ்வளவு நல்ல மனம். இப்படித்தான் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பேர் வைத்தேன். தோடம்பழத்தை உரித்துத் தோலைத் தட்டில் அடுக்கி வைத்துச் சுளையைக் குப்பையில் போட்டார், கவனமில்லை. செத்துப்போன தன் தமையனுக்குப் போன் எடுக்க நம்பர் கேட்டார், பாசம். கனகாலம் ஓடின ரோட்டில் திரும்பவேண்டிய இடம் கழிந்து போய்க்கொண்டே இருந்தார், அது அந்த ரோட்டு வேலைக்காரர்கள் தடுப்புப் போட்டு வைத்ததால். காஸ் அடுப்பு எரிந்தபடி கிடந்தது, அதற்கு என்ன பேர் வைத்தேன்? ஞாபகம் வரவில்லை. அன்று நான் மேலே குளித்துக்கொண்டிருந்தேன், வந்து பார்க்க வெறும் அடுப்பு நீலமாக எரிகிறது, இவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பேப்பர் வாசிக்கிறார். நான் மூடினேன். இல்லை, நான் வரும்போதே அவர் எழும்பிப்போய் மூடினாரா? ஆரோ மூடினோம். வீடு எரியவில்லை. "பவளம் அக்கா, தாளைக் கலையுங்கோ, இப்ப உங்கடை முறை" என்கிறான் யோகன். ஓம் ஓம் என்று தாளைக் கூட்டி அள்ளுகிறேன். "கனவு காணுறியள் அக்கா." கனவுதான் தம்பி.

நான் தாளைக் கலைக்கிறேன். மகாலிங்கத்தார் தன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சரித்து, என் கையும் இவர் முகமும் ஒரே பார்வையில் விழுகிற மாதிரி வைத்துக்கொள்கிறார். ஒன்றியத்தின் பழைய தலைவர், நியாயவாதி என்று பேர், அதாவது ஊர் உலகத்தில் எல்லோரும் கள்ளர் என்பது அவர் நியாயம். மேசைக்கு வந்ததும் வராததுமாய்ச் சொன்னார், "புருசன் பொஞ்சாதி சோடியெண்டால் நாங்கள் ஒரு கண்ணை முதுகிலையும் வைச்சிருக்கவேணும். சாடை காட்டுறேல்லை, சொல்லிப்போட்டன்." நான் சிரித்துக்கொண்டு, எங்களுக்கு வீட்டிலையே சாடை விளங்காது அண்ணை, இஞ்சை என்னத்தை விளங்கப்போகுது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் சொன்னது என்னைச் சுட்டது, ஏனென்றால் நான் கள்ளி. இந்த மார்கழியிலிருந்து கள்ளி. வீட்டு நிலவறையில் வெள்ளிக்கிழமைகளில் கூட்டாளிமார் வந்து விளையாடும்போது இவருக்குத் தாள் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன், இருமலால், தேத்தண்ணிக் கோப்பையால், மேசைக்குக் கீழே காலால். இந்த மனுசனுக்கு நான் சாடை காட்டுவதா! மொன்றியலில் எங்கள் முதல் பனிக்காலம், வேலை இல்லை, பாசை இல்லை, வெளியே போகச் சப்பாத்து இல்லை, நாலாவது ஆளுக்கு ஆள் இல்லை என்று என்னைப் பிடித்து இருத்தி இவர்தான் இந்த விளையாட்டைச் சொல்லித்தந்தார். எட்டுப் பிடியும் முடிந்த பிறகு எந்தத் தாள் எவரிடமிருந்து எப்போது விழுந்தது என்று வரிசையாகச் சொல்வார், ஒன்று தவறாது. ஒருமுறை நான் என் கையில் இருந்த தாளை மறந்து வேறொன்றைப் போட்டதற்கு, "பவளம், தாளை மறக்கிறது ஆளை மறக்கிற மாதிரி" என்று கோபித்து அன்று முழுக்க முகம் கொடுக்காமல் இருந்தார். எனக்கு அப்போது சிரிப்பு. பிறகு இங்கே வந்து, பாண் தொழிற்சாலையில் லொறிகளை அனுப்புகிற வேலை, எந்த லொறி எந்தக் கடைக்கு என்று தலைக்குள்ளேயே வைத்திருப்பார், துரைமார் இவரைத்தான் வந்து கேட்பார்கள். அந்தத் தலை. அதே தலைதான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, வெள்ளை மயிர், நேர் வகிடு, நான் சீவிவிட்டது. இங்கே சாடை காட்ட முடியாது. மகாலிங்கத்தாரின் கண் என் விரலில் இருக்கிறது. எனக்குத் துணைக்கு இருப்பது கெட்ட தாள் ஒன்றுதான். முருகா, குப்பை வரட்டும், இவருக்கு நாலு எட்டும் வரட்டும், எங்களை இப்படியே அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடு, தாள் வரேல்லை தாள் வரேல்லை என்று சொல்லிக்கொண்டே இந்தக் கிழவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன்.

நாலு நாலாகப் போடுகிறேன். மகாலிங்கத்தாருக்கு, இவருக்கு, யோகனுக்கு, எனக்கு. என் கையில் ராசா, ஏழு, பத்து, எட்டு. நல்லது. இவர் தன் தாளை எடுக்கிறார், விரிக்கிறார், ஒவ்வொன்றாய்ப் பார்க்கிறார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கண் ஒருதரம் பெரிசாகி உடனே சுருங்கும், உதட்டை உள்ளே இழுப்பார். ஐயோ. நல்ல தாள். மகாலிங்கத்தார் "நூற்றறுபது" என்று தொடங்குகிறார், அவர் குரல் முடிய முன்னம் இவர் சொல்கிறார், "இருநூறு." யோகன் விசிலடிக்கிறான். "அண்ணை இண்டைக்குத்தான் வாய் திறக்கிறார்!" பாஸ் என்கிறான். நானும் பாஸ். மகாலிங்கத்தார் தன் தாளைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், நான் சாடை காட்டியிருக்கிறேனோ என்று என் மூக்கைப் பார்க்கிறார், பாஸ். இவர் ஒரு தாளை உருவி மேசையில் கவிழ்த்து வைக்கிறார். அதுதான் துரும்பு, மற்ற இனங்களையெல்லாம் வெட்டுகிற இனத்துக்கு அடையாளம், அது என்ன இனம் என்று கேட்டவருக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் தெரியக்கூடாது. கேட்டது இவர், காப்பாற்றவேண்டியதும் இவர், நான் வெறும் கூட்டு. நான்தான் கலைத்தேன், நான்தான் போட்டேன், என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்ட காலம் என்றால் என்ன என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேனே, இதுதான் அது, நல்ல தாளாய் வந்து நிற்கிறது. மிச்ச நாலு நாலையும் போடுகிறேன், விரலில் தாள் ஒட்டுகிறது. ஆனால் இவர் நிமிர்ந்து இருக்கிறார். முதுகு நேராகிவிட்டது. மகாலிங்கத்தார் கலாவரை இனத்து ஆசு ஒன்றை இறக்க, இவர் ஒரு கணம் கூடத் தாமதிக்காமல் கலாவரை வீரனைத் தூக்கி அதன்மேல் அடிக்கிறார், பழைய அடி, மேசை அதிர்கிற அடி. "ஆசு போச்சுது மகாலிங்கம்!" என்கிறார். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்கள். என் நெஞ்சு பொங்கிக்கொண்டு வருகிறது. ஒன்றுமில்லை. இவருக்கு ஒன்றுமேயில்லை. நிரோசன் என்ற மடையனுக்கு இன்றைக்கே போன் எடுப்பேன், உன்ரை அப்பா கலாவரை வீரனை அடிச்ச அடியை நீ வந்து பாத்திருக்கவேணும் என்பேன். பிடியை அள்ளிக்கொண்டு இவர் அடுத்து ஆடுதன் இனத்து வீரனை இறக்குகிறார். இரண்டாவது வீரன். என்ன கை இது! யோகன் தன் தாளை இங்கே அங்கே புரட்டி, ஆடுதன் இல்லை போலிருக்கிறது, ஒரு தாளைக் கவிழ்த்துப் போடுகிறான். நான் ஆடுதன் எட்டுப் போடுகிறேன். மகாலிங்கத்தார் ஆடுதன் ராணி.

இப்போது இவர் பார்க்கவேண்டும். ஒருவர் கவிழ்த்துப் போட்டால் அந்தத் தாளைத் தூக்கி, துரும்போ இல்லையோ என்று பார்த்துச் சொல்லவேண்டியது கேட்டவர். யோகன் காத்திருக்கிறான். மகாலிங்கத்தார் காத்திருக்கிறார். நான் எட்டுப் போட்ட கையை எடுக்காமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். பாருங்கோ, யோகன்ரை தாளைப் பாருங்கோ. வாயில் வரவில்லை, வரக்கூடாது. பின்னால் செயலாளர் ஒலிவாங்கியில் மத்தியானச் சாப்பாடு பற்றி ஏதோ சொல்கிறார், மீன் ரோல்ஸ் வாசம் வருகிறது. இருமலாமா? ஒரேயொரு இருமல். மகாலிங்கத்தாரின் கண். பார்க்கட்டும், என்னைக் கள்ளி என்று ஒலிவாங்கியில் சொல்லட்டும். இருமுகிறேன். இவர் என்னைப் பார்க்கிறார். அன்பாய்ப் பார்க்கிறார், சளி தடிமனோ என்று கேட்கிற பார்வை. பிறகு கண் கீழே இறங்குகிறது, மேசையில் நடக்கிறது, யோகனின் தாளைத் தாண்டி, எட்டைத் தாண்டி, ராணியைத் தாண்டி, தனக்கு முன்னால் தானே கவிழ்த்து வைத்த தாளில் போய் நிற்கிறது. அதை ஒரு விரலால் தொடுகிறார். சுற்றிவர எங்களைப் பார்க்கிறார், ஆரோ ஒரு பொருளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், கொடுக்கவேண்டுமே என்கிற அக்கறையோடு. "இது ஆரின்ரை தாள் இதிலை கிடக்கு?" என்கிறார். யோகன் பகிடி என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்துகிறான். அந்தப் பாதிச் சிரிப்பு. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மகாலிங்கத்தாரின் முகத்தில் சந்தேகம் போய் வேறொன்று வரத் தொடங்குகிறது, விளக்கம், அவருக்கு விளங்கிவிட்டால் ஊருக்கு விளங்கிவிடும், நாளைக்கு விடிய முன்னம் கல்கரிக்கும் விளங்கிவிடும், பாவம் சோதி, அந்த மாதிரி மூளையெல்லோ என்பார்கள், மூளை மூளை என்பார்கள், விடமாட்டேன். "அது என்ரை!" என்கிறேன். சத்தமாய்ச் சொல்லிவிட்டேன். எட்டி அந்தத் தாளை இழுத்து எடுக்கிறேன், உருவித்தன் வீரன், மூன்றாவது வீரன், தங்கமான கை, "என்ரை தாள், நான்தானே இருநூறு கேட்டனான், அங்காலை தள்ளுப்பட்டுப் போச்சுது." என் கையிலிருந்த மிச்சத் தாளெல்லாம் முகம் மேலே தெரிய மேசையில் கொட்டுண்டு போகின்றன. கொட்டுண்டதா, கொட்டினேனா. கொட்டினேன்.

"பவளம், உங்களுக்கென்ன விசரோ?" மகாலிங்கத்தார் எழும்பிவிட்டார். "சோதியெல்லோ இருநூறு கேட்டவன்! எல்லாரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனாங்கள். துரும்பைத் தூக்குறியள், தாளைக் காட்டுறியள், இதென்ன விளையாட்டு? ஆட்டம் போச்சு உங்களுக்கு." போகட்டும் அண்ணை. என்னையே பார், என்னைப் பார்த்தே கத்து. யோகன், "விடுங்கோ மாமா, அக்கா குழம்பிப்போனா" என்கிறான். "ஓம் தம்பி, நான்தான் குழம்பிப்போனன், காலமையிலையிருந்து தாள் சரியில்லை எனக்கு" என்கிறேன், என் குரல் நல்லாய்த்தான் வருகிறது, இவ்வளவு நடிப்பு எனக்குள் இருந்ததா. அப்போது இவர் எழும்புகிறார். மெல்ல, மேசையைப் பிடித்து. மேசையைச் சுற்றி வந்து எனக்குப் பின்னால் நின்று என் இரண்டு தோளிலும் கை வைக்கிறார். "மகாலிங்கம், அவவை ஒண்டும் சொல்லாதை" என்கிறார். பழைய குரல், லொறிகளை அனுப்பின குரல். பிறகு தாழ்த்தி, நாலு பேருக்குமட்டும் கேட்கிற மாதிரி, "இவவுக்கு இப்ப கொஞ்ச காலமா மறதி. நான் ஒருதருக்கும் சொல்லேல்லை. பிள்ளைக்குக்கூடச் சொல்லேல்லை. மருந்துக் குளிசை போட்டனியளோ எண்டு கேட்பா, ஓம் எண்டுவன், பேந்தும் வந்து அதையே கேட்பா. அடுப்பை எரிய விட்டிட்டு மேலை போயிடுவா, நான் பக்கத்திலையே காவல் இருக்கிறனான். விளையாடேக்கை மேசைக்குக் கீழாலை காலைக் காலை ஆட்டுவா, ஏனெண்டு தெரியாது. நான் சமாளிச்சுக்கொண்டு வாறன்." அவர் கை என் தோளை இறுக்கிப் பிடிக்கிறது. இந்த மனுசன் பயந்துபோய் இருக்கிறார். எத்தனை மாதமாய்ப் பயந்துகொண்டு, எனக்குத் தெரியாமல், எனக்காகப் பக்கத்தில் கதிரை போட்டுக் காவல் இருந்திருக்கிறார். நான் அவருக்குக் காவல் இருந்த வீட்டில்.

அடுப்பை மூட்டினது ஆர்? அன்றைக்கு நான் குளிக்கப் போக முன்னம் தேத்தண்ணி வைக்கவேண்டும் என்று நினைத்தேன். வைத்தேனா? நீலமாய் எரிந்தது, மேலே ஒன்றும் இல்லை. கேத்தல் எங்கே இருந்தது? ஒரு கணம் என் காலடி நழுவுகிறது, ஒரேயொரு கணம், தோடம்பழச் சுளையை எறிந்தது ஆர், நம்பர் கேட்டது ஆர். இல்லை. நான் இல்லை. வாசலில் பனி தள்ளினது நான் இல்லை. ஆரின்ரை தாள் என்று கேட்டது நான் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, இதை இப்போது இவருக்கு எப்படிச் சொல்வது, இவ்வளவு பேர் பார்க்க, என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு. மகாலிங்கத்தார் கதிரையில் இருந்துவிட்டார். என்னைப் பார்க்கிற பார்வையில் அப்படி ஒரு இரக்கம், எனக்கு அறையவேண்டும் போலிருக்கிறது. "எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்கிறார். இந்த வாயிலிருந்து மன்னிப்பு. இனிமேல் ஊர் என்னைத்தான் பாவம் என்று சொல்லும், கோவிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாய்ச் சொல் சொல்லாய்க் கதைப்பார்கள். சொல்லட்டும். இவர் என் ஜக்கெட்டை எடுத்து வந்து கை நுழைக்கப் பிடிக்கிறார், சின்னப்பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரி தாழ்த்தி. நான் நுழைக்கிறேன். "பவளம்," காதோடு சொல்கிறார், "கோவிக்காதையும். நாளைக்கு நாங்கள் டொக்டரிட்டைப் போவம். உமக்கு ஒருக்கால் காட்டுவம். பயப்பிட ஒண்டுமில்லை, இப்ப எல்லாத்துக்கும் மருந்திருக்கு." நான் இவர் முகத்தைப் பார்க்கிறேன். தெரிந்துகொண்டு சொல்கிறாரோ என்று தேடிப் பார்க்கிறேன். இல்லை, கவலை ஒன்றுதான் இருக்கிறது, என்மேல். கார்த் தரிப்பில் கத்தின ஆள், தனக்கென்றால் செத்தாலும் வரமாட்டாத ஆள். "எனக்குப் பயமாக் கிடக்கு" என்கிறேன். அதில் பொய் இல்லை. "தனிய உள்ளுக்கை போகமாட்டன். உங்களுக்கும் சேத்துப் பாக்கட்டும். அப்பதான் நான் வருவன்." இவர் சிரிக்கிறார், பிடிவாதக்காரப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு, என் ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிடுகிறார். "அதுக்கென்ன," என்கிறார், "எனக்கும் பாக்கச் சொல்லுவம், உமக்குத் துணைக்கு."